கரகரத்த குரல்: புறக்கோட்டையில் அன்றும் இன்றும்

புறக்கோட்டையில் ஒரு குரல் சுத்தமாகக் காதில் விழுவது அரிது. பெஸ்டியன் மாவத்தையில் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கத்தும் பஸ் நடத்துநர், பார வண்டியை இழுத்தபடி வழி கேட்கும் நாட்டாமி, பிரதான வீதி நடைபாதையில் உடுப்பைக் குவித்து வைத்து விலை கூவுபவர், சிவப்புப் பள்ளிவாசலின் பாங்கு, செட்டியார் தெருக் கோவில்களின் திருவிழா ஒலிபெருக்கி, லொத்தர் விற்பவரின் வண்டியில் ஓயாமல் சுழலும் பதிவுக் குரல் என்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். ஒவ்வொன்றும் சுவரில் மோதி, தகரத்தில் அதிர்ந்து, மலிவான ஸ்பீக்கரில் கிழிந்து நம்மிடம் வந்து சேரும். அப்படியிருந்தும் யார் என்ன சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

அங்கிருந்து கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம். அங்குள்ள தொடர்மாடி வீடுகளிலும், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் இன்று பாட்டுகள் பதிவாகின்றன. ஓர் அறை, ஒரு மடிகணினி, ஒரு கொண்டென்சர் மைக், எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிட்ட போர்வை. இவ்வளவு போதும். பதிவாகும் குரலில் உதடு பிரியும் ஓசைகூடக் கேட்கிறது. அந்தத் துல்லியம் கைக்கு வந்ததும் மிக்ஸ் செய்யும் பிள்ளை முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, அதைக் கெடுப்பது. டிஸ்டோர்ஷன், சச்சுரேஷன், டெலிபோன் எஃபெக்ட், மெகாபோன் எஃபெக்ட் என்று பெயர்கள் பல. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவாளர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதையே இவர்கள் தேடிப்போய்ச் சேர்க்கிறார்கள்.

இதை இளையவர்களின் கூத்து என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய காது கரகரப்பில் வளர்ந்த காது. மாறியிருப்பது ஒன்றுதான். குரலை எது கெடுப்பது, எவ்வளவு கெடுப்பது என்பதை அன்று கருவியும் தூரமும் பணமில்லாமையும் தீர்மானித்தன. இன்று ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். தீர்மானம் கைக்கு வந்த பிறகு பொறுப்பும் கூடவே வருகிறது. அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

மைக் வராத காலத்தில் குரலே கூர்மையாக இருக்க வேண்டியிருந்தது. புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் உள்ள ஜிந்துப்பிட்டி அந்நாளில் தமிழ் நாடகத்துக்குப் பேர்போன இடம். தமிழகத்திலிருந்து வந்த குழுக்கள் கொழும்பில் மாதக்கணக்கில் தங்கி நடித்தன. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் கொழும்பு மேடையேறியவர்கள். கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்பதால் உச்ச ஸ்தாயியில், தொண்டையை இறுக்கிப் பாடும் முறை அங்கே நிலைத்தது. 1925 வரையில் இசைத்தட்டுப் பதிவிலும் மின்சாரம் கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் பாடுவார், அந்த அதிர்வு ஊசியை அசைக்கும், ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். அடித்தொனியும் இல்லை, உச்சத்து மினுமினுப்பும் இல்லை. நடுப்பகுதி மட்டும் மூக்கால் பாடுவதுபோலப் பதிவாகும். நம் பாட்டன்மார் பாட்டு என்று காசு கொடுத்து வாங்கியது அந்த ஒலியைத்தான்.

பிறகு கூம்பு ஒலிபெருக்கி வந்தது. கல்யாணமோ கோவில் திருவிழாவோ அரசியல் கூட்டமோ, கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டினால்தான் விசேஷம். ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் புறப்படும்போது வழி நெடுகக் கூம்புகள் பாடிக்கொண்டிருக்கும். கூம்பின் பலமும் குறையும் ஒன்றே: மனிதப் பேச்சின் நடுப்பகுதியை மட்டும் பிடித்துக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எறியும். மற்றதைக் கைவிட்டுவிடும். அதோடு, ஸ்பீக்கர்காரர் அம்ப்பின் திருகை அது தாங்கும் அளவோடு நிறுத்தியதே இல்லை.

திருகைக் கூட்டினால் உள்ளே நடப்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் இன்றைய மென்பொருள்கள் செய்வதும் அதேதான். அம்ப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. குரலின் மின் அலை அந்த வரம்புக்குள் ஏறி இறங்கும்வரை உருக்குலையாது. தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தட்டையான அலைக்குள் பாடகர் பாடாத சுரங்கள் முளைக்கின்றன. 200 ஹெர்ட்ஸில் ஒருவர் பாடினால் 400, 600, 800, 1000 என்று அதன் மடங்குகள் மேன்மேலும் வலுக்கும். குரலில் இயல்பாகவே இருக்கும் மடங்குகளோடு இவையும் சேர்வதால் குரல் தடிக்கும், கூர்மையாகும், சந்தடியை ஊடுருவும். வால்வு அம்ப் இந்த உச்சியை மெல்ல மழுங்கடிக்கும், அதனால் கரகரப்பில் ஓர் இதம் இருக்கும். டிரான்சிஸ்டர் அம்ப் சட்டென்று வெட்டும், அது கத்தி. அன்றைய கூம்புகளில் நாம் கேட்ட எம். எஸ். சுப்புலட்சுமியும் சீர்காழி கோவிந்தராஜனும் இப்படி வெட்டுப்பட்ட அலைகளே. அதற்காக யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கூம்பில் கரகரத்தால்தான் திருவிழா என்று நம் காது பழகியிருந்தது.

வானொலியை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. நேச நாட்டுப் படைகளுக்கான ஒலிபரப்புக்காக நிறுவிய வலுவான சிற்றலைப் பரப்பி இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியதும் கொழும்பின் தமிழ்க் குரல்கள் கடல் தாண்டின. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரைத் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் வீட்டு மனிதர்போல அறிந்திருந்தார்கள். டொரிங்டன் சதுக்கத்துக் கலையகத்தில் அவர்கள் பேசியது தெளிவான குரலில். கேட்டவர்களைச் சென்றடைந்தது வேறொன்று.

சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்துத் திரும்பும். ஒரே பாதையால் வராது. ஒரு பங்கு நேராக ஒருமுறை தெறித்து வரும், இன்னொரு பங்கு இருமுறை தெறித்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி பிந்தி வரும். இரண்டும் வானொலிப் பெட்டியில் சேரும்போது சில அதிர்வெண்கள் கூடிப் பெருகும், சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அயனமண்டலம் அசைந்துகொண்டே இருப்பதால் அழியும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ராஜாவின் மூச்சுவிடாத வேகப் பேச்சு நடுவில் அலைபோல் வீங்கி, குழாய்க்குள் போய், மறுபடி வெளியே வந்தது. சுமந்து வரும் அலையே மங்கும் கணத்தில் குரல் கிழிந்து கரகரத்தது. இன்று எந்தப் பாட்டு மென்பொருளிலும் ஃபேசர், ஃபிளேஞ்சர் என்ற பெயர்களில் இருக்கும் எஃபெக்டுகள் இதன் உறவுக்காரர்கள். ஃபிளேஞ்சரில் மூலக் குரலோடு சற்றே பிந்திய அதன் நகலைச் சேர்த்து, பிந்தும் நேரத்தை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ரேடியோவை மூலைக்கு மூலை திருப்பி வைத்துப் பாட்டுக் கேட்ட குடும்பங்களுக்கு இந்த எஃபெக்ட் இலவசமாகவே கிடைத்தது. அந்தத் தலைமுறைக்குத் தூரத்தின் ஒலி அதுதான். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் தமிழில் பேசுகிறார் என்பதை அந்த அசைவே உணர்த்தியது.

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு ரேடியோ இருந்தாலே பெரிது. அந்த ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் முதலாம் குறுக்குத் தெரு உருமாறியது. ஜப்பான் கசெட் ரெக்கோடர்கள் அடுக்கடுக்காக வந்திறங்கின. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது தோளில் ஒன்றைச் சுமந்து வந்தார்கள். ரெக்கோடிங் பார்கள் பெருகின. விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெறும் கசெட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். தொண்ணூறில் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்று எச்சரிக்கையும் செய்வார்கள்.

கசெட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்தது முதலில் பேச்சைப் பதிவதற்காக. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு, ஓடும் வேகம் நொடிக்கு 5 சென்ரிமீற்றருக்கும் குறைவு. இந்தச் சிறிய இடத்தில் ஒரு முழு இசைக்குழுவை அடைக்கும்போது நாடாவின் காந்தத் துகள்கள் கொள்ளாத அளவு வந்துவிடும். அப்போது அலையின் உச்சி மெல்ல வளைந்து மழுங்கும், குரல் தடித்துச் சூடாகும். இன்று சச்சுரேஷன் என்று காசு கொடுத்து வாங்கும் குணம் இதுவே. பதிவில் ‘ஸ்’ என்ற இரைச்சலை அமுக்குவதற்கு ஒலியைக் கூட்டிப் பதிவதே வழி என்பதை எல்லா ரெக்கோடிங் பார்க்காரரும் கண்டுகொண்டிருந்தார்கள். அளவுகாட்டியின் முள் சிவப்புக்குள் போய்ப் போய் வரும். அப்படிப் பதிந்த கசெட்டைப் பக்கத்து வீட்டார் இரவல் வாங்கி நகல் எடுப்பார்கள், அந்த நகலுக்கு மற்றொரு நகல். முதல் நகலிலேயே நாடாவின் இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடிவிடும். மூன்றாவது நகலில் பி. சுசீலா மழைக்குள் நின்று பாடுவார்.

நம் சொந்தப் பாட்டும் இந்த வழியால்தான் பரவியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் மேடையில் பிறந்து, 1970களில் தட்டிலும் வானொலியிலும் ஏறி, பிறகு கசெட்டில் ஊர் ஊராகப் போயின. மேடை நிகழ்ச்சிகளில் பாடகர் கைவசம் இருந்த ஒரே வித்தை எக்கோ. இங்கிலாந்தில் 1958இல் வந்த வொட்கின்ஸ் கொப்பிகெட், ஜப்பானில் 1974இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆகியவற்றின் தத்துவம் ஒன்றே: சுழலும் நாடாவில் குரலைப் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் தலைகளால் திரும்ப வாசிப்பது. ஒவ்வொரு திரும்பலிலும் குரல் மங்கி அழுக்கேறும். அறிவிப்பாளர் ‘வணக்கம்’ என்றால் அந்த ‘கம்’ நாலுமுறை உருண்டு போகும். இலங்கையின் இசை நிகழ்ச்சிப் பதிவுகளில் அந்த உருளல் இன்றுவரை நீங்கவில்லை. அது நம் நாட்டு இசையின் கையெழுத்தாகவே ஆகிவிட்டது என்பேன்.

1983 ஜூலையில் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் பல எரிக்கப்பட்டன. கடைக்காரர்கள் பலர் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். கசெட்டுகளும் போயின. எரியாமல் எஞ்சியவை, பயணப் பெட்டியில் உடுப்புகளுக்கிடையே போனவை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் ஊரைக் கேட்டது அந்தத் தேய்ந்த நாடாக்களில். அவர்களுக்கு ஊரின் ஒலியும் நாடாவின் கரகரப்பும் ஒன்றாகவே பதிந்தன.

கெடுப்பதை வேண்டுமென்றே செய்யும் பழக்கம் மேற்கே முன்பே தொடங்கிவிட்டது. 1966 ஏப்ரலில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன் தன் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா பேசுவதுபோல வரவேண்டும் என்று கேட்டார். இளம் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக், ஓர்கன் வாத்தியத்துக்கு உரிய லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியே அக்குரலைச் செலுத்திப் பதிந்தார். 1969இல் கிங் கிரிம்சன் குழு ஒரு முழுப் பாட்டையும் கிழிந்த குரலில் பாடவைத்தது. எண்ணெய் தேடும் பணியில் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த அன்டி ஹில்டபிராண்ட் 1997இல் ஓட்டோ டியூனை வெளியிட்டார். சுருதி விலகலைத் திருத்தப் பிறந்த அதை மறு ஆண்டே ஷெரின் ‘பிலீவ்’ பாட்டில் உச்சத்துக்குத் திருகி, குரலைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள். தமிழில் இயந்திரக் குரலைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது 2010இல் வந்த ‘எந்திரன்’ பாடல்கள்.

கொழும்பில் இந்தத் திருப்பம் வந்தது தனியார் பண்பலை வானொலிகளோடும் கணினியோடும். 1990களின் இறுதியில் கூல் எடிட் என்ற மென்பொருள் வானொலி நிலையங்களில் புகுந்தது. நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரலை ஆழமாக்கி, இரட்டித்து, உலோகமாக்கி ஒலிபரப்பினார்கள். நாட்டின் தமிழ்க் காது வேண்டுமென்றே உருமாற்றிய குரலை அன்றாடம் கேட்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதே காலத்தில் பாத்தியா - சந்தூஷ் சிங்களப் பாட்டில் ராப்பைக் கலந்தார்கள். தொடர்ந்து கிரிஷான் மகேசன் தமிழ் ராப்பைக் கொழும்பிலிருந்து வெளியே கொண்டுபோனார். மலேசியாவிலிருந்து யோகி பி குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது. ராப்பில் குரலே தாளமும் என்பதால் அதற்குக் கரகரப்புச் சேர்ப்பது முரசின் தோலை இறுக்குவதுபோல.

நம்மவர்களில் இதை எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடத் துணிந்து செய்தவர் மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்தவர். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபிராயத்தைக் கழித்து, போரால் மறுபடி லண்டன் போனவர். இரவலாகக் கிடைத்த ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியில் அவர் கட்டிய தாளங்கள் 2005இல் ‘அருளர்’ இசைத்தட்டாயின, தந்தையின் பெயரில். 2010இல் வெளியான ‘போர்ன் ஃப்ரீ’ பாட்டில் அவர் குரல் டிரம்மின் இரைச்சலுக்குள் அமிழ்ந்து, எதிரொலியில் சிதறி, எங்கோ ஓர் ஒலிபெருக்கியிலிருந்து வருவதுபோல வருகிறது. சொற்கள் பாதி புரியாது. ஆனால் கத்துகிறவர் எங்கிருந்து கத்துகிறார், ஏன் கத்துகிறார் என்பது முழுதும் புரியும். ஓர் எஃபெக்ட் தன் இருப்பை நியாயப்படுத்தும் விதம் அது. சுத்தமான குரலில் அதே பாட்டைக் கற்பனை செய்து பார்த்தேன், பொய்யாகத்தான் தோன்றியது.

இனி இன்றைய அறைக்கு வருவோம். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. வெளிநாட்டு மென்பொருளை விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலானவர்களுக்கு அன்றோடு முடிந்த கதை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் சச்சுரேஷன், எக்கோ கருவிகளைக் கொழும்புப் பிள்ளைகள் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். மைக்கும் வயரும் ஸ்டாண்டும் புறக்கோட்டையில்தான் வாங்குகிறார்கள். பக்கத்துக் கடையில் வி8 என்ற கைக்கடக்கமான சவுண்ட் கார்ட் இருக்கும். ஒரு பொத்தானில் குழந்தைக் குரல், மறு பொத்தானில் இயந்திரக் குரல். டிக்டொக் நேரலைக்காரர்கள் அதை அள்ளிப் போகிறார்கள். பொத்தானுக்குள் இருக்கும் தீர்மானம் வேறு யாரோ எடுத்து வைத்தது என்பதால் அதில் எனக்கு ஈடுபாடில்லை.

நல்ல மிக்ஸில் பெரும்பாலும் நடப்பது வேறு. குரல் தடத்தை இரண்டாக்குவார்கள். ஒன்று சுத்தமாகவே இருக்கும். மற்றதைக் கடுமையாகக் கிழித்து, அதன் அடித்தொனியையும் உச்சத்தையும் வெட்டியெறிந்து, மிஞ்சிய நடுப்பகுதியைச் சுத்தமான குரலுக்கு அடியில் பத்துப் பதினைந்து டெசிபெல் தாழ்த்தி வைப்பார்கள். கேட்பவருக்குக் கரகரப்பு என்று தோன்றாது. குரல் ஓரடி முன்னால் வந்ததாகவே தோன்றும். கடுமையான டெலிபோன் எஃபெக்ட் வேண்டுமென்றால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400க்கு மேலும் வெட்டிவிடுவார்கள், பழைய தொலைபேசிக் கம்பியின் எல்லை அது. ஆண்குரலின் அடிச்சுரம் 100 முதல் 150 ஹெர்ட்ஸ்வரையில் நிற்பது. அது முழுதாக அறுந்துபோனாலும் மேலே எஞ்சிய மடங்குகளைக் கொண்டு மூளை அந்தச் சுரத்தைக் கட்டியெழுப்பிக்கொள்ளும். கோரஸைக் கிழிப்பதானால் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கிழிக்க வேண்டும். இரண்டு குரலைச் சேர்த்து ஒரே டிஸ்டோர்ஷனுக்குள் அனுப்பினால் இரண்டின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய சுரங்கள் பிறந்து சேறாகிவிடும்.

இவ்வளவும் எந்த மொழிப் பாட்டுக்கும் பொருந்தும். தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, வெளிநாட்டுப் பாடக் காணொளிகள் அதைச் சொல்லித் தருவதில்லை. நம் வல்லின இரட்டிப்பு. ‘பாட்டு’, ‘பக்கம்’, ‘கத்தி’ என்னும்போது நாக்கு அடைத்து நிற்கும் ஒரு கண மௌனம் சொல்லின் எலும்பு. தாளமும் அதில்தான் உட்காருகிறது. கடும் டிஸ்டோர்ஷன் சத்தமானதை வெட்டிச் சன்னமானதை உயர்த்துவது. அந்த மௌனத்துக்குள் கிடக்கும் மின்விசிறி இரைச்சலையும் முந்திய உயிரின் எதிரொலியையும் அள்ளி மேலே கொண்டுவந்துவிடும். எலும்பு கரைந்த சொல் வழுக்கிப் போகும். ஆகவே முதலில் அந்த இடைவெளிகளைத் துடைத்துவிட்டு, பிறகு கிழித்து, எக்கோவையும் எதிரொலியையும் கடைசியில் சேர்ப்பது நல்லது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் உயர் அதிர்வெண்களில் குவிவதால் கிழிக்கும்போது துப்பும், அவற்றையும் முன்கூட்டியே தாழ்த்த வேண்டும். ழகரத்தின் அடையாளம் பெருமளவு 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை விட்டுவைத்தால் தொலைபேசிக் குரலிலும் ழகரம் பிழைக்கும். அதைத் தோண்டியெடுத்துவிட்டால் ‘மழை’ ‘மலை’யாகிவிடும். கூம்பு ஒலிபெருக்கியில் நாம் எல்லாச் சொல்லையும் விளங்கிக்கொண்டதன் காரணமும் இதுவே. கூம்பு கைவிடாத நடுப்பகுதியில் அந்த ழகரமும் இருந்தது.

ஓட்டோ டியூனில் இன்னோர் இழப்பு உண்டு. சுரத்திலிருந்து சுரத்துக்கு நாம் வழுக்கிப் போகும் கமகத்தை அது படியாக நறுக்கிவிடும். வேண்டுமென்று ஒரு வரியில் நறுக்குவது அழகுதான். பாட்டு முழுக்க அப்படி இருந்தால் மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஊர் இழுப்பு போய்விடுகிறது. புறக்கோட்டையின் பழைய கருவிகள் குரலை எவ்வளவு கெடுத்தபோதும் ஊர் இழுப்பைத் தொட்டதில்லை.

மென்பொருளில் ‘ரேடியோ’ என்ற தயார் அமைப்பு இருக்கும். அதைப் போட்டதும் வருவது பெரும்பாலும் அமெரிக்க வரவேற்பறையின் 1940களின் ரேடியோ. நம் ரேடியோ அப்படி ஒலித்ததில்லை. நம்முடையதுக்கு அயனமண்டல அசைவு வேண்டும், கூம்பின் மூக்கு வேண்டும், நாலுமுறை உருளும் எக்கோ வேண்டும். இது செய்யக்கூடியதும்கூட. பழைய கூம்பு ஒன்றையும் ஓர் அம்ப்பையும் தேடிப்பிடித்து, பதிந்த குரலை அதன் வழியே ஒலிக்கவிட்டு, பத்தடி தள்ளி மைக் வைத்து மறுபடி பதியலாம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்வரை ஏறும் ஓர் ஒலியைக் கூம்பில் ஓட்டிப் பதிந்தால் அதன் தொனியையும் சுற்றுச் சுவர்களின் எதிரொலியையும் கணினிக்குள் நிரந்தரமாகப் பிடித்து வைக்கவும் முடியும். அம்ப் திணறிக் கிழியும் குணம் மட்டும் அந்த முறைக்கு அகப்படாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிரதான வீதியின் ஒலிக்குள் ஒரு தமிழ் ராப் வரி போய் வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

குரலை அழுக்காக்கும் அதே மடிகணினியில் எதிர்த்திசை வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் மேடைப் பேச்சு, அம்மம்மாவின் தாலாட்டு, இலங்கை வானொலியிலிருந்து பிடித்த நாடகம் என்று பழைய கசெட்டுகளை வெள்ளவத்தைக்காரர் கொண்டுவந்து கொடுத்து, கணினியில் ஏற்றி இரைச்சல் நீக்கித் தரச் சொல்கிறார்கள். யாரும் பேசாத இடத்தில் ஒரு துண்டை எடுத்து ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்டினால் அது அந்தச் சாயலை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். அளவோடு கழித்தால் குரல் துலங்கும். ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கழித்தால் பேசுபவர் தண்ணீருக்கு அடியில் இருப்பார், மூச்சும் சொல்லின் ஓரங்களும் சேர்ந்து போய்விடும். அறையில் ஒலித்த சுவர்க் கடிகாரமும் வாசலில் கூவிய மீன்காரரும் இரைச்சலோடு இரைச்சலாகக் கழிந்துபோன பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன். அவற்றில் குரல் இருக்கிறது, வீடு இல்லை.

அதனால் கசெட் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுத்தம் செய்யக் கொடுங்கள், ஆனால் சுத்தம் செய்யாத முதல் நகலையும் கேட்டு வாங்குங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், அமுக்காத வேவ் கோப்பாக இருக்கட்டும். கணினியில் ஏற்றுவதற்கு முன் டெக்கின் தலையருகே இருக்கும் சிறு திருகை, அந்தக் கசெட் பதிவான கோணத்துக்குப் பொருந்தச் சரிசெய்யச் சொல்லுங்கள். பதிவின் தெளிவின்மைக்குப் பல வேளைகளில் கோணம் பிசகியதால் வந்த மங்கலே காரணம். அந்தத் திருகைக் காதால் கேட்டே பொருத்தத் தெரிந்த பழைய ரேடியோ திருத்துநர்கள் இன்று வயதானவர்கள், கடையை மூடிக்கொண்டிருப்பவர்கள். ரெக்கோடிங் பார்க் காலத்துப் பெட்டி வீட்டில் இருந்தால் இந்தக் கிழமையே இறக்கிப் பாருங்கள், நாடா ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கக்கூடும்.